ரயில் சத்தத்தில் ஒரு தேசிய கீதம்

1

என் கணவர் காலையில் எங்கே போகிறார் என்ற சந்தேகம் சாம்பியன் ரீப்ஸில் பாதிப் பேருக்கு வந்த பிறகுதான் எனக்கு வந்தது. இது எனக்குப் பெரிய அவமானம். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைப்பவள் நான். என் வீட்டு ஆளை விட்டுவிட்டேன்.

நாங்கள் தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் ம்வான்சா நகரத்தில் இருபது வருடமாக இருக்கிறோம். அவர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார், நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். எங்கள் மகன் அசோகன் அங்கேயே பிறந்தவன். இந்த முறை அவனை விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஊருக்கு, கர்நாடகத்துத் தங்கவயலான கே.ஜி.எஃபின் சாம்பியன் ரீப்ஸுக்கு, வந்திருக்கிறோம். வந்த மறுநாளிலிருந்து இவர் காபி குடித்த கையோடு கிளம்பிவிடுகிறார். கேட்டால் வாக்கிங் என்கிறார். வாக்கிங் போகிறவர் எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போவாரா? அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சொன்னது என் தம்பி ராகுலன். தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். ஒரு நாள் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. மாமா இன்னா, அல்லேலூயா ஆயிட்டாரா?”

“இன்னாடா ஒளர்றே?”

“தெனமும் ஸ்டேஷன்ல நிக்கறாருக்கா. பிளாட்பாரம் முடியற எடத்துல. வண்டி கெளம்புதுன்னா போதும், ரெண்டு கையையும் தொடையோட ஒட்ட வச்சிக்கினு வாயத் தொறந்துடறாரு. நான் ஜன்னல்லேர்ந்து கை காட்டறேன், கண்டுக்கவே மாட்றாரு.”

“பாடறாரா?”

“பாட்டுதான். கடைசிப் பெட்டிப் பசங்க காதால கேட்டிருக்கானுங்க. சர்ச் பாட்டு மாதிரியே கீதாம், பாஷைதான் புரியலயாம். ஆளு பேரு கௌதமன், பாடறது அல்லேலூயா. வண்டி முழுக்க இதே பேச்சு. எனக்கு மானம் போவுது.”

அவனுடைய கவலை உங்களுக்குப் புரியும். எங்கள் தாத்தா காலத்தில், சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஆட்கள் கூடிப் பேசி, யோசித்து, பௌத்தத்துக்குப் போன குடும்பம் எங்களுடையது. அதனால்தான் வீட்டில் கௌதமன், ராகுலன், அசோகன் என்று பெயர்கள், நான் யசோதரை. அப்படிப்பட்ட வீட்டு மாப்பிள்ளை பிளாட்பாரத்தில் ஜெபம் பண்ணினால் தம்பிக்குச் சோறு இறங்காதுதான்.

“மெட்டு எப்படிடா இருக்கும்?” என்றேன். அவனுக்குத் தெரிந்த மட்டும் முனகிக் காட்டினான்.

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவன் முனகியது தான்சானியா நாட்டின் தேசிய கீதம். கடைசிப் பெட்டிப் பசங்களின் காதைக் குறை சொல்ல முடியாது. அந்த மெட்டு முதலில் தேவாலயத்துக்காகப் பிறந்ததுதான், பிறகுதான் ஆப்பிரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் அது கடவுளைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. கே.ஜி.எஃப் முழுக்கத் தேடினாலும் அது என்ன பாட்டு என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

“அல்லேலூயா இல்லடா. சாப்பிடு” என்று மட்டும் சொன்னேன். இயேசு என்றால்கூட உட்காரவைத்துப் பேசிப் பார்க்கலாம். அறுபது வயதை நெருங்குகிற ஒரு மனிதர், பெண்டாட்டிக்குத் தெரியாமல் இன்னொரு நாட்டின் தேசிய கீதத்தை மனப்பாடம் செய்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அந்த நாட்டுக் குடிமகனாவதற்கான நேர்காணலில் பாடச் சொல்வார்கள் என்று ம்வான்சாவில் எல்லோரும் பேசிக்கொள்வார்கள்.

2

அந்தப் பாட்டு எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

சுரங்கம் ஓடிய காலத்து சாம்பியன் ரீப்ஸில் வளர்ந்தவர்களுக்குச் சங்கு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஷிப்ட் நேரத்தில் ஊதினால் அது கடிகாரம். நேரம் கெட்ட நேரத்தில் ஊதினால் கீழே ஏதோ ஆகிவிட்டது. அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் சுரங்கக் குழி இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். என் அம்மா ஓடியிருக்கிறாள், அவள் இடுப்பில் நான் போயிருக்கிறேன். அந்த ஓட்டம் உடம்பில் ஊறியது, மூளையைக் கேட்டு வருவதில்லை.

ம்வான்சாவுக்குப் போன புதிதில் ஒரு சாயங்காலம் வாழைக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். பக்கத்தில் போலீஸ் நிலையம். திடீரென்று ஒரு விசில். சுற்றி இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பேரம் பேசியவள் வாயை மூடிவிட்டாள். சைக்கிளில் போனவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி அசையாமல் இருக்கிறான். பேச்சு மூச்சு இல்லை. இவர் அப்போது சுரங்கத்தில். நான் பையைப் போட்டுவிட்டு, போலீஸ் நிலைய வாசலைப் பார்த்து, “யாரு? யாருங்க?” என்று தமிழில் கத்திக்கொண்டே ஓடினேன்.

அங்கே மாலையில் தேசியக் கொடியை இறக்குவார்கள். விசில் அதற்காக. நடப்பவர்கள் எல்லாம் நிற்க வேண்டும். அத்தனை ஊர் ஜனமும் நிற்கும்போது கொடியைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடிவந்த ஒரே பெண் நான்தான். அதிகாரி என்னை உட்காரவைத்து பாஸ்போர்ட் கேட்டார். பாஸ்போர்ட் வீட்டில். ஏன் ஓடினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன் என்றேன். கொடியைப் பார்த்தால் உனக்குச் சாவு ஞாபகம் வருகிறதா என்று கேட்டார். நான் எதைச் சொன்னாலும் இன்னும் மோசமாகிக்கொண்டே போனது.

வாழைக்காய் விற்ற மாமா நீமா என்ற அம்மாள்தான் வந்து காப்பாற்றினார். அங்கே வயது வந்த பெண்களை ‘மாமா’ என்பார்கள், நம் ‘அம்மா’வைப் போல. அவருடைய அண்ணனும் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். “இவள் சுரங்க ஊர்க்காரி. அங்கே விசில் ஊதினால் ஓடத்தான் ஓடுவார்கள், நாங்களும் ஓடியிருக்கிறோம்” என்று சொல்லி என்னை மீட்டுக்கொண்டு வந்தார்.

இனி எவனும் என்னைப் பிடிக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். பள்ளியில் கொடியேற்றும்போது பிள்ளைகளோடு நின்று அந்தக் கீதத்தின் இரண்டு சரணங்களையும் படித்துக்கொண்டேன். முதல் சரணம் ஆப்பிரிக்கா முழுவதற்குமாக வேண்டுவது, இரண்டாவது தான்சானியாவுக்கு. சந்தேகத்தில் படித்ததுதான், ஆனால் ஒரு எழுத்து பிசகாது. இவருக்கு அந்தத் தேவை வரவில்லை. சுரங்கத்தில் சுற்றிலும் வெளிநாட்டுக்காரர்கள், பாட்டு தொடங்கினால் வாயை மட்டும் அசைத்துக் காலத்தை ஓட்டிவிட்டார்.

3

தம்பி முனகிக் காட்டிய பிறகு என் மூளை சும்மா இருக்கவில்லை. முன்பு நடந்ததை எல்லாம் இழுத்துப் போட்டு அலச ஆரம்பித்தது.

முதலில் வீடு. சாம்பியன் ரீப்ஸில் அப்பா இருந்த, சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் ஒரு பாதியில் ராகுலன் குடும்பம் இருக்கிறது. பூட்டிக் கிடந்த மறு பாதியைப் பழுது பார்க்கத்தான் இந்தப் பயணமே. அவருக்கு அறுபது ஆனதும் நாங்கள் ஊரோடு வந்துவிடுவது என்பது பல வருடத்துப் பேச்சு. பேச்சு என்றால் நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார். இப்போது யோசித்தால், அவர் தலையாட்டினாரே தவிர ஒரு நாளும் ‘நாம’ என்று சொன்னதில்லை. மேஸ்திரியிடம் பேசும்போது, “கொழாய இந்தப் பக்கம் வையி, அவங்களுக்குக் குனிய முடியாது” என்றார். “அவங்களுக்கு ஒரு ஃபேன் போதும்” என்றார். அவங்க, அவங்க. வீட்டில் இரண்டு பேர் இருக்கப் போகிறோம் என்றால் ஒரு ஃபேன் எப்படிப் போதும்?

அப்புறம் அந்தப் பின்வாசல். லைன் வீடுகளுக்குப் பின்வாசல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இது அவருடைய பழைய வியாதி. சினிமாக் கொட்டகைக்குப் போனாலும் முதலில் இன்னொரு வழி எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர், அதாவது ஆட்களைக் கூண்டில் வைத்து ஆழத்துக்கு இறக்கி, மேலே ஏற்றுகிற வேலை. ஒரு தடவை கூண்டு நடுவில் சிக்கிக்கொண்டது. கீழே ஒரு ஷிப்ட் ஆட்கள். இவர் நெம்புகோலைப் பிடித்தபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆனால் அடியில் இரண்டாவது வழி இருந்ததால் அவர்கள் நடந்தே பக்கத்து ஷாஃப்டுக்குப் போய், அதன் கூண்டில் ஏறி மேலே வந்து, இவர் முதுகில் தட்டி “இன்னா டிரைவரே, யாருக்குக் காத்துனு கீறே?” என்று கேட்டார்களாம். சுரங்கத்தில் அது சட்டம். இரண்டு வழி இல்லாத லெவலில், அதாவது சுரங்கத் தளத்தில், ஆளை இறக்கக் கூடாது.

எனக்குப் பின்வாசல் வைப்பவர், தனக்கு எங்கே வழி பார்க்கிறார்? அதுதான் என் கேள்வி.

அங்கே எங்கள் பிழைப்பு காகிதப் பிழைப்பு. பர்மிட் முடியப் போகிறது என்றால் மாதக்கணக்கில் தூக்கம் கெடும். ஒரு ஜன்னலில் இருப்பவர் இன்னொரு ஜன்னலைக் காட்டுவார். நேரமே அங்கே வேறு, சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவார்கள், நம்முடைய எட்டு மணி அவர்களுக்கு இரண்டு. இரண்டு மணிக்கு வா என்றதைப் பகல் இரண்டு என்று எடுத்துக்கொண்டு, பூட்டிய அலுவலகத்தின் முன்னால் நின்றிருக்கிறேன். அசோகனுக்கு இந்தத் தொல்லை எதுவும் உறைப்பதில்லை. சுவாஹிலியில்தான் சிரிப்பான், சுவாஹிலியில்தான் கோபப்படுவான். என்னோடு தமிழில் பேசுவது விருந்தாளியோடு பேசுவதுபோல் இருக்கும். அவன் அந்த நாட்டோடு போய்விடுவான் என்று நான் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்பனும் போவார் என்று நினைக்கவில்லை.

அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள இரண்டு நாடுமே விடாது. ஆகக் கூட்டிக் கழித்தால் விடை ஒன்றுதான். என்னை இங்கே சுண்ணாம்பு அடித்த வீட்டில் உட்காரவைத்துவிட்டு, அவர் அங்கே போகப் போகிறார்.

எனக்கு அது வலித்தது. வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

4

மறுநாள் பின்னாலேயே போனேன். மூடிய ஷாஃப்டின் கோபுரத்தைத் தாண்டி, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டை ஒட்டி நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தப்பு செய்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது என் கணிப்பு, அது பொய்த்துப்போனதில் சந்தேகம் இன்னும் கூடியது.

சாம்பியன் ஸ்டேஷன் காலை நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிபன் பையும் தூக்கக் கண்ணுமாக ஊரே பெங்களூருக்கு ஏறும். அவர் கூட்டத்தைத் தாண்டிக் கடைசிக்குப் போய் நின்றார். நான் வேப்பமரத்துக்குப் பின்னால். வண்டி வந்தது, ஏற்றிக்கொண்டது, நகர்ந்தது. சக்கரச் சத்தம் கூடியதும் அவர் நிமிர்ந்து நின்று பாடத் தொடங்கினார். சத்தத்தை மறைப்பாக வைத்துக்கொண்டுதான் பாடியிருக்கிறார். வண்டி இருக்கும்வரை அந்தப் பாட்டு அவருக்கும் இன்ஜினுக்கும் மட்டும். ஆனால் கடைசிப் பெட்டி தாண்டிய பிறகும் இரண்டாவது சரணம் மிச்சமிருந்தது, அதில் தடுக்கி நின்றுவிட்டார்.

நான் மரத்தைவிட்டு வெளியே வந்தேன். என்னைப் பார்த்து அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன்.

“ரெண்டாவது சரணம் வர மாட்டேங்குது யசோ” என்றார்.

“எப்ப நேர்காணல்?”

“போனதும்.”

“அசோகனுக்குத் தெரியுமா?”

“அவந்தான் எனக்கு மனு போட்டுக் குடுத்தான்.”

“எனக்குத்தான் தெரியாது. இருபது வருசமா கூட இருக்கறவளுக்கு.”

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“இங்க எனக்கு இன்னா கீது, சொல்லு. நான் எறக்கி ஏத்துன ஷாஃப்டு பூரா தண்ணி. என் இன்ஜின் ரூம எட்டிப் பாக்கலாம்னு போனேன், கேட்டுல ஒரு பையன் ‘யாரு நீங்க, இன்னா வேணும்’ன்றான். கன்னடத்துல கேக்கறான், தமிள்ல சொன்னா தமிள்நாடான்றான். சொரங்கத்த மூடுன அன்னிக்கு இதே கேட்டுக்கு வெளிய நின்னேன். வூட்டுக்குப் போடான்னு சொன்னாங்க. அங்க அறுபது ஆச்சின்னா பர்மிட் தர மாட்டாங்க. மறுபடி போடாம்பாங்க. என்னால இன்னொரு வாட்டி கேட்டுக்கு வெளிய நிக்க முடியாது யசோ. பாடுனா உள்ள இருக்கலாம்னா, பாடிட்டுப் போறேன்.”

“அப்ப நானு?”

“நீதான் ஊரு ஊருன்னே. இருபது வருசமா அதையேதான் சொன்னே. உன்ன அங்க புடிச்சி வச்சிக்கறது பாவம்னு தோணிச்சி. அதான் வூட்ட ரெடி பண்றேன். வருசத்துக்கு ஒருக்கா விசா எடுத்துனு வந்து பாத்துட்டுப் போலாம்னு.”

விசா எடுத்துக்கொண்டு வந்து பார்ப்பாராம், பெண்டாட்டியை. எனக்கு அழுகை வரவில்லை, பயங்கரக் கோபம் வந்தது. “எனக்கு ஊருதான் வேணும்னு யாரு சொன்னது?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், சொன்னது நான்தான் என்று உறைத்தது. ஆனால் நான் கேட்ட ஊரில் அவரும் இருந்தார். அவர் இல்லாத சாம்பியன் ரீப்ஸை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இதை அவரிடம் சொன்னேன். ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் உரக்கவே சொன்னேன்.

அவர் தலை குனிந்துகொண்டே, “சொன்னா நீ சந்தேகப்படுவியோன்னு பயந்தேன்” என்றார்.

“சொல்லாட்டி மட்டும் படலயா?”

5

அன்று பகல் மேஸ்திரி பின்சுவரை உடைத்தார். கடைசிக் கல் விழுந்ததும், நான் பிறந்ததிலிருந்து இருட்டாக இருந்த அந்தச் சமையலறையில் வெயில் வந்து விழுந்தது. அந்தப் பக்கம் சைனைடு மேடு தெரிந்தது. அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பக்கமும் போகலாம். நான் அந்த ஓட்டையில் நின்று வெகுநேரம் யோசித்தேன்.

எந்த நாட்டையும் நான் முழுசாக நம்பவில்லை. இங்கே தமிழ்நாடா என்கிறார்கள், அங்கே இந்தியாவா என்கிறார்கள். நாளைக்கு எந்தக் கேட் மூடும் என்று யாருக்குத் தெரியும்? இவர் நம்புகிறார், பாடினால் உள்ளே இருக்கலாம் என்று. நம்பட்டும். ஆனால் அவர் இன்ஜின் ரூமில் கற்ற பாடத்தையே மறந்துவிட்டார்.

“டிரைவரே” என்று கூப்பிட்டேன். கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிடுவேன். “ரெண்டு வழி இல்லாத லெவல்ல ஆள எறக்கலாமா?”

“கூடாது” என்றார் சட்டென்று. கேள்வி எங்கே போகிறது என்று தெரியாமலே.

“அப்ப ரெண்டு பேரும் ஒரே நாட்டுப் பாஸ்போர்ட்ட வச்சிக்கக் கூடாது. நீங்க அந்த நாட்டுக்காரரா ஆவுங்க. நான் இந்த நாட்டுக்காரியாவே இருக்கறேன். உங்க பெண்டாட்டின்னு சொல்லி அங்க இருப்பேன். அவங்க போடான்னா, என் புருசன்னு சொல்லி உங்கள இங்க கூட்டினு வருவேன். வூடு பூட்டித்தான் கெடக்கட்டும். ரெண்டு வாசலோட.”

அவர் நேரே மேஸ்திரியிடம் போய், “ஃபேன் ரெண்டா போட்டுடு” என்றார். மேஸ்திரி மூன்றாவது முறையாகக் கணக்கு மாறுகிறது என்று முணுமுணுத்தார்.

இன்று காலை நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டாவது சரணத்தை இவரை நம்பி விட முடியாது, கூட நின்று சொல்லிக்கொடுத்தால்தான் தேறும். வண்டி வந்து நின்றது. கார்டு விசில் ஊதினார். என் கால் ஓட வேண்டும் என்று ஒரு கணம் துடித்தது, இப்போதும் துடிக்கத்தான் செய்கிறது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பக்கத்தில் ஒட்டி, அவர் பக்கத்தில் நின்றேன். வண்டி நகர்ந்தது. பாடத் தொடங்கினோம்.

ஒரு பெட்டியின் வாசலில் ராகுலன் தொங்கிக்கொண்டிருந்தான். முதலில் மாமாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை எழுதி முடியாது.

“அக்கா! நீயுமா?” என்று கத்தினான்.

சாயங்காலம் அவன் திரும்பி வருவதற்குள் இந்தச் செய்தி பங்காருபேட்டை தாண்டி பெங்களூருக்கே போயிருக்கும். இல்லை என்று கையையாவது ஆட்டியிருக்கலாம். ஆனால் இரண்டாவது சரணம் பாதியில் இருந்தது, அதைப் பாடும்போது அசையக் கூடாது. நான் அசையவில்லை.